காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் குத்துதா? வீட்டிலேயே சரியாவது எது, டாக்டரிடம் போக வேண்டியது எது?

அபர்டீன் பஜாரில் ஷட்டர்கள் ஏறும் நேரம். மணிக்கூண்டைச் சுற்றி ஆட்டோக்கள், பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஆட்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, செல்போன் கடை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தமிழ்க் குரல் கேட்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. பஜாரின் வேலை முறை மட்டும் மாறவில்லை. காலையில் கவுன்டருக்குப் பின்னால் போய் நின்றால், ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை பெரும்பாலும் நின்றபடிதான் வேலை.

இப்படி நின்று வேலை பார்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு. "காலைல எந்திரிச்சு மொத அடி வெச்சா ஆணி குத்துற மாதிரி இருக்கு. கொஞ்சம் நடந்தா சரியாயிடுது." அதற்கு வரும் பதிலும் பழகியதுதான்: "விடுங்க, அடுத்த தடவ மெட்ராஸ் போறப்ப காட்டிக்கலாம்."

சென்னைக்குக் கப்பலில் போனால் சுமார் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், ஆனால் டிக்கெட் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் இங்கே இருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருப்பது முக்கியம். ஒன்று, பெரும்பாலான குதிகால் வலிக்குச் சென்னைப் பயணமே தேவையில்லை. இரண்டு, சில குதிகால் வலிகள் அடுத்த கப்பல் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பது எப்படி? சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கும் இதே கணக்குதான்.

குதிகாலில் என்னதான் வலிக்கிறது?

நம் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள். அவற்றில் பெரியது குதிகால் எலும்பு. அதன் அடிப்பகுதியில் தொடங்கி, உள்ளங்கால் முழுக்கப் பரவி, விரல்களின் அடி வரை போகும் ஒரு கெட்டியான திசுப் பட்டை இருக்கிறது. பெயர் பிளான்டார் ஃபேசியா. வில்லின் நாண் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் வளைவு வில் என்றால், அதைத் தாங்கிப் பிடிக்கும் நாண் இந்தப் பட்டை.

இப்போதே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தைத் தரையில் வைத்து, கட்டைவிரலை மட்டும் கையால் மேலே தூக்குங்கள். உள்ளங்கால் வளைவு தானாக உயரும். விரல் மேல்நோக்கி மடங்கும்போது பட்டை இறுகி, பாதத்தை உறுதியான ஒரு நெம்புகோலாக மாற்றுகிறது. 1954ல் ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை விளக்கி எழுதினார். நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் இந்த இழுவை நடக்கிறது.

இழுவை அளவுக்கு மேல் போனால், பட்டை குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்தில் நுண்ணிய சேதம் சேர்ந்துகொண்டே போகும். இதற்குப் பெயர்தான் பிளான்டார் ஃபேசியைடிஸ். குதிகால் வலிக்கு மிக அதிகமான காரணம் இதுதான். வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பத்தில் ஒருவருக்கு இது வரலாம் என்பது மருத்துவ உலகின் பொதுவான மதிப்பீடு. 40 முதல் 60 வயதுக்காரர்களிடம் அதிகம் என்றாலும், இருபதுகளில் இருப்பவர்களையும் விடுவதில்லை.

அது ஏன் காலையில் மட்டும் அவ்வளவு வலி?

தூங்கும்போது பாதம் முன்பக்கமாகச் சாய்ந்து தளர்ந்து கிடக்கும். கெண்டைக்கால் தசையும் உள்ளங்கால் பட்டையும் சுருங்கிய நிலையிலேயே பல மணி நேரம் இருக்கும். எழுந்து நின்றதும் உடம்பின் எடை மொத்தமும் அந்தச் சுருங்கிய பட்டையைத் திடீரென்று இழுக்கிறது. அந்த இழுப்புதான் ஆணி குத்துவது போன்ற வலி. பத்திருபது அடி நடந்ததும் பட்டை தளர்ந்து வலி குறையும். நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் இதே கதை நடக்கும். நாள் முழுக்க நின்றால் மாலையில் வலி மறுபடியும் எட்டிப் பார்க்கும்.

யாருக்கு வரும்?

பஜாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தரை சிமென்ட் அல்லது டைல்ஸ். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊர் என்பதால் காலில் பெரும்பாலும் தேய்ந்துபோன மெல்லிய ரப்பர் செருப்பு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏற்றம், இறக்கம். மேட்டில் ஏறும்போது கெண்டைக்கால் தசை கூடுதலாக இழுபடும், அதோடு சேர்ந்து குதிகாலும் இழுபடும். நீண்ட நேரம் நிற்பது, மெல்லிய செருப்பு, இறுகிய கெண்டைக்கால் தசை ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடுகின்றன.

"நான் ஏசி ஆபீஸ்ல உக்காந்துதானே வேலை பாக்கறேன், எனக்கு ஏன்?" என்று கேட்கலாம். உட்கார்ந்தே இருப்பதாலும் கெண்டைக்கால் தசை இறுகும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் நாள் முழுக்க வெறுங்காலில் டைல்ஸ் தரையில் நடக்கிறார். இரண்டு வருஷம் ஓடாதவர் ஒரு மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டு முதல் வாரமே ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார். உடல் எடை கூடுவது, கர்ப்ப காலம், தட்டையான பாதம், அளவுக்கு மீறி வளைந்த பாதம் ஆகியவையும் காரணங்கள்.

எக்ஸ்ரேயில் "எலும்பு வளர்ந்திருக்கு" என்றார்களே?

பலரையும் பயமுறுத்தும் வாசகம் இது. குதிகால் எலும்பின் அடியில் சின்ன முள் போல ஒரு வளர்ச்சி எக்ஸ்ரேயில் தெரியும். இந்த முள்தான் உள்ளே குத்துகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் வலியே இல்லாத ஏராளமானவர்களின் எக்ஸ்ரேயிலும் அதே முள் இருக்கிறது. முள் இல்லாமலே கடும் வலியோடு இருப்பவர்களும் உண்டு. வலி பெரும்பாலும் பட்டையில்தான், முள்ளில் இல்லை. அந்த வளர்ச்சியை அறுத்து எடுக்க வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும்.

பிளான்டார் ஃபேசியைடிஸைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு உங்கள் விவரமும் அவருடைய கட்டைவிரலும் போதும். குதிகாலின் உள்பக்க அடியில் ஒரு புள்ளியை அழுத்தினால் நீங்கள் துள்ளுவீர்கள். வேறு நோய் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால்தான் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நல்ல செய்தி. பெரும்பாலானவர்களுக்கு ஊசி, ஆபரேஷன் எதுவும் இல்லாமலே சரியாகிவிடும். கெட்ட செய்தி, அதற்குப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருஷம்கூட. அதனால் "ஒரு வாரம் செஞ்சு பாத்தேன், கேக்கல" என்று விட்டுவிடக் கூடாது.

படுக்கையிலிருந்து இறங்குவதற்கு முன்பே தொடங்குங்கள். உட்கார்ந்து, வலிக்கும் காலைத் தூக்கி மற்ற தொடை மேல் வையுங்கள். கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். உள்ளங்காலில் பட்டை இறுகுவது மறுகைக்குத் தட்டுப்படும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அமெரிக்காவில் 2003ல் வெளியான ஒரு ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இந்தப் பயிற்சியைச் செய்தவர்களுக்கு எட்டு வாரத்தில் காலை நேர வலி அதிகமாகக் குறைந்திருந்தது.

அடுத்தது கெண்டைக்கால். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையிலிருந்து எழும்பாமல் முன்னால் சாயுங்கள். அரை நிமிடம் பிடித்து விடுங்கள். மூன்று முறை போதும். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கவுன்டரைப் பிடித்துக்கொண்டே செய்யலாம்.

வலி ஓரளவு அடங்கிய பிறகு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் ஓரத்தில் வைத்து, அதன் மேல் விரல்கள் இருக்கும்படி நின்று, குதிகாலை மெதுவாக உயர்த்துங்கள். ஏற மூன்று விநாடி, மேலே இரண்டு விநாடி, இறங்க மூன்று விநாடி. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். டென்மார்க்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இந்த முறையைப் பின்பற்றியவர்கள் மூன்று மாதத்தில் கூடுதல் பலன் பெற்றார்கள்.

வலி அதிகமான மாலைகளில், தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்த பிளாஸ்டிக் பாட்டிலைத் துணியில் சுற்றி, அதன் மேல் உள்ளங்காலைப் பத்து நிமிடம் உருட்டலாம். ஃப்ரிட்ஜ் இல்லையா? பூரிக்கட்டையே போதும், குளிர்ச்சி மட்டும் கிடைக்காது.

முழு ஓய்வு வேண்டாம். ஆனால் ஓட்டம், ஸ்கிப்பிங், தேவையில்லாத மேடேற்றம் இவற்றைச் சில வாரங்களுக்குக் குறையுங்கள். அந்த இடத்தில் நீச்சலோ சைக்கிளோ வரட்டும்.

எந்தச் செருப்பு?

தமிழ்நாட்டில் குதிகால் வலி என்று டாக்டரிடம் போனால் அடிக்கடி காதில் விழும் பெயர் எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கம். இது பிறந்த கதை வேலூரில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்கு 1946ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் பாதத்தில் உணர்வை இழந்தவர்களுக்கு ஏன் திரும்பத் திரும்பப் புண் வருகிறது என்று ஆராய்ந்தார். நோய் பாதத்தை நேரடியாக அரிப்பதில்லை, வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருப்பதுதான் காரணம் என்று கண்டார். அந்த அழுத்தத்தைப் பரப்பிவிட, நுண்ணிய காற்று அறைகள் கொண்ட ரப்பரில் வேலூரிலும் அருகே கரிகிரியிலும் செருப்புகள் செய்தார்கள். அதே ரப்பர்தான் பின்னர் சர்க்கரை நோயாளிகளுக்கும் குதிகால் வலிக்காரர்களுக்கும் வந்தது.

எம்.சி.ஆர்.தான் வேண்டும் என்பதில்லை. குதிகால் பக்கம் கொஞ்சம் உயரமாகவும் மெத்தென்றும், நடுவில் வளைவைத் தாங்குவதாகவும், இரண்டாக மடக்கினால் விரல் பக்கம் மட்டும் மடங்குவதாகவும் இருக்கும் எந்தக் காலணியும் சரி. வீட்டுக்குள்ளும் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் செருப்பைக் கழற்ற வேண்டிய வேலை என்றால், நிற்கும் இடத்தில் ஒரு தடித்த ரப்பர் மேட் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

செங்கல்லும் எருக்க இலையும்?

சூடாக்கிய செங்கல் மேல் எருக்க இலையை வைத்துக் குதிகாலால் மிதிப்பது பாட்டி காலத்து வைத்தியம். சூட்டால் தற்காலிகச் சுகம் கிடைப்பது உண்மை. ஆனால் எருக்கம் பால் தோலை எரிச்சலாக்கும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. இன்னும் முக்கியமானது, சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குச் சூடு தெரியாது. வலி போகிறது என்று நினைத்துக்கொண்டே தோல் வெந்துவிடும். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். அம்மா, அப்பாவுக்குச் செங்கல் வைப்பதற்கு முன் அவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு கணம் யோசியுங்கள். ஐஸ் பாட்டிலுக்கும் இதே எச்சரிக்கைதான்.

எல்லாக் குதிகால் வலியும் ஒன்றா?

இல்லை. எந்த இடத்தில், எப்போது வலிக்கிறது என்பதே பாதி விடை.

குதிகாலின் பின்பக்கம், செருப்பு வார் உரசும் இடத்தில் வலித்தால், கெண்டைக்கால் தசையை எலும்போடு இணைக்கும் குதிநாணில் பிரச்சினை இருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது இந்த இடத்தில் புதிதாக வலி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மருந்துகளால் சிலருக்குக் குதிநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

குதிகாலின் நட்டநடுவில், வெறுங்காலில் கல் தரையை மிதித்தால் மட்டும் வலித்தால், அங்கே இருக்கும் கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம். எரிச்சல், மதமதப்பு, ஷாக் அடிப்பது போன்ற உணர்வு இருந்தால், நரம்பு அழுத்தப்படுவது காரணமாக இருக்கலாம்.

குதிகாலின் இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் வலிக்கிறதா, நடக்க நடக்க வலி குறையாமல் கூடுகிறதா? திடீரென்று ஓட்டத்தையோ நடையையோ அதிகப்படுத்தினீர்களா? எலும்பில் நுண் முறிவு இருக்க வாய்ப்புண்டு. இதற்கு நீட்டல் பயிற்சி மருந்தல்ல, ஓய்வுதான் மருந்து.

இளைஞர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. 20 முதல் 40 வயதுக்குள் இரண்டு குதிகாலும் வலித்து, அதோடு காலையில் இடுப்பு, முதுகு அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்து, ஓய்வெடுத்தால் குறையாமல் நடமாடினால் குறைந்தால், அது அன்கிலோசிங் ஸ்பான்டிலைடிஸ் போன்ற மூட்டு நோயாக இருக்கலாம். "உக்காந்து உக்காந்து வேலை பாக்கறதால வர்ற முதுகுவலி" என்று பல வருஷம் கடத்திவிடுபவர்கள் இதில் அதிகம். சீக்கிரம் கண்டுபிடித்தால் முதுகெலும்பு இறுகிப்போவதைத் தள்ளிப்போட மருந்துகள் இருக்கின்றன.

காய்ச்சலுக்குப் பிறகு வரும் வலியையும் மறந்துவிடக் கூடாது. 2006ல் தமிழ்நாட்டையும் அந்தமானையும் சிக்குன்குனியா புரட்டிப் போட்டது. அது போன பிறகும் கணுக்காலும் குதிகாலும் மாதக்கணக்கில் வலித்தவர்கள் ஏராளம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அல்லது மறுநாளே டாக்டரைப் பாருங்கள்:

• அடிபட்டு அல்லது உயரத்திலிருந்து குதித்து வந்த கடும் வலி, கால் ஊன்ற முடியாத நிலை
• "டப்" என்ற சத்தமோ, பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற உணர்வோ வந்து, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாமை
• வீக்கம், சிவப்பு, சூடு, கூடவே காய்ச்சல்
• பாதத்தில் உணர்வு குறைவது அல்லது மரத்துப்போவது
• சர்க்கரை நோயாளியின் பாதத்தில் புண், வெடிப்பு, நிற மாற்றம், வலியே இல்லாவிட்டாலும்
• ஓய்வாகப் படுத்திருக்கும்போதும், ராத்திரியிலும் விடாத வலி. காரணமில்லாத எடை குறைவு

இவை எதுவும் இல்லை, ஆனால் மேலே சொன்ன பயிற்சியையும் செருப்பு மாற்றத்தையும் ஒழுங்காகச் செய்தும் மூன்று, நான்கு வாரத்தில் கொஞ்சமும் முன்னேற்றமில்லை என்றால், அப்போதும் காட்டுவது நல்லது. அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். பல மாதம் நொண்டி நடந்தால் முழங்கால், இடுப்பு என்று வலி மேலே ஏறும்.

யாரிடம் போவது?

எலும்பு மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட். ஸ்ரீ விஜயபுரத்தில் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான் தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனை. பிற தீவுகளில் இருப்பவர்கள் படகேறுவதற்கு முன், மத்திய அரசின் இலவசத் தொலை மருத்துவ சேவையான இ-சஞ்சீவனியில் முதலில் பேசிப் பார்க்கலாம். "எப்போது வலிக்கிறது, எந்த இடத்தில், என்ன மருந்து சாப்பிடுகிறேன், சர்க்கரை இருக்கிறதா" என்ற நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் பாதி வேலை முடிந்தது.

மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் போடாதீர்கள். அது வலியை மறைக்கும், அதோடு வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி தரலாம். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் கொழுப்பு மெத்தை மெலியவும் பட்டை கிழியவும் வாய்ப்பு உண்டு. "ஒரு ஊசி போட்டா சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்பதோடு, "அதுக்கப்புறம் என்ன பண்ணணும்?" என்றும் கேளுங்கள். மாதக்கணக்கில் தீராத வலிக்கு அதிர்வலை சிகிச்சையும் இருக்கிறது. ஆபரேஷன் கடைசிப் படி.

இது தனிமனிதப் பிரச்சினை மட்டுமா?

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010ல் வெளியானபோது, நாம் துணி எடுக்கும் கடைகளில் நிற்பவர்களின் கால்களைப் பலர் முதல்முறையாகக் கவனித்தார்கள். 2018ல் கேரளமும், 2021ல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தின. தமிழ்நாட்டின் திருத்தம் யூனியன் பிரதேசமான அந்தமானைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு ஸ்டூல் போடச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாள் முழுக்க நிற்பவருக்கு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்காரக் கிடைத்தாலே குதிகாலுக்கு அது பெரிய விஷயம். கடை நடத்துபவர் நீங்கள் என்றால், இதற்கு ஆகும் செலவு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் விலைதான். வாடிக்கையாளர் என்றால், பில் போடும் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தாலே போதும்.

நாளைக் காலை எழுந்ததும், காலைக் கீழே வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் விரல்களைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முதல் அடியில் வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள். மேலே சொன்ன அறிகுறிகளில் ஏதாவது இருந்தால், இன்றைக்கே போய்க் காட்டிவிடுங்கள். அதை மட்டும் "மெட்ராஸ் போறப்ப பாத்துக்கலாம்" பட்டியலில் சேர்க்காதீர்கள்.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கேற்ற சிகிச்சையை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.)